தொட்டால்தான் ஓடும்

"அக்கா வந்து தொட்டாத்தான் சார் மெஷின் ஓடும்."

மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் மெஷின் அது. சொன்னவர் அந்த செக்‌ஷன் சூப்பர்வைசர். பின்னால் நின்ற பாக்கிங் ஆட்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த இன்ஜினியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"டிப்ளமா படிச்சவர்தானே நீங்க?"

"ஆமா சார்."

"வெட்கமா இல்லை? தடவிக் கொடுத்தா ஓடறதுக்கு இது என்ன நாய்க்குட்டியா?"

"அக்காவுக்குக் கைராசி சார். காலையில மெஷின் அடம் பிடிக்கும். அவங்க கைய வச்சா கிளம்பிடும்."

இன்ஜினியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த செக்‌ஷனில் ஒருவரைக் குறைக்க வேண்டும். யாரை என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, அந்த அக்காவைத்தான். அவர் இல்லாமலே வேலை நடக்கும் என்று பார்த்து எழுதிக் கொடுக்கத்தான் இவர் வந்ததே. வந்த இடத்தில் காதில் பூச்சுற்றுகிறார்கள்!

"அக்கா பேரை கம்ப்யூட்டர் எப்படி சார் எடுத்துச்சு?" பாக்கிங்கில் இருந்த பெண் கேட்டாள்.

"அதெல்லாம் பெரிய கணக்கும்மா. உங்களுக்குப் புரியாது."

"உங்களுக்குப் புரியுமா சார்?"

இன்ஜினியர் இருமினார். "அது சொன்னா சரியாத்தான் இருக்கும். முதல்ல இந்த மூடியைத் திறங்க."

ஒருவரும் அசையவில்லை. அவரே சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு திறந்தார். பெட்டி வருவதைக் கண்டுபிடிக்கும் சென்சார் மேல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அதை உரித்துவிட்டுப் பட்டனை அழுத்தினார். மெஷின் கடகடவென்று ஓடியது.

இன்ஜினியர் வாய்விட்டுச் சிரித்தார்.

"கண்ணைக் கட்டிவிட்டா எது ஓடும்? ஒரு துண்டு டேப்! இத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூட மூடியைத் திறந்து பார்க்கத் தோணலை. உங்களையெல்லாம் வேலைக்கு வச்சவனைச் சொல்லணும்!"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இப்பவாவது உறைத்ததே என்று நினைத்துக்கொண்டார் அவர்.

சூப்பர்வைசர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"மெதுவா பேசுங்க சார். அவங்க வர்ற நேரம்."

"வரட்டுமே. கைராசியோட லட்சணத்தை அந்தம்மாவே பார்க்கட்டும்."

"அவங்களுக்குக் கண்ணு மங்கிப்போச்சு சார். லேபிள் எழுத்து தெரியலை. இப்ப பெட்டி மடிக்கிற வேலைதான். உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன், நின்னுக்கிறேன்னாங்க. வீட்டுக்காரர் வேற படுத்த படுக்கை. சும்மா உதவி செஞ்சா வாங்கிக்க மாட்டாங்க. அதான், கைராசின்னு நாங்களே கதை கட்டிவிட்டோம். அந்த டேப்பை தினமும் முறை வச்சு ஒட்டறோம், அவங்க கைய வச்சதும் உரிச்சிடறோம்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

"இன்னிக்கு என் முறை. குடுங்க சார்."

டேப் இன்ஜினியரின் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் யாரை முட்டாள் என்று நினைத்தோம் என்று அவருக்கே கூச்சமாகப் போய்விட்டது.

அதற்குள் அக்கா வந்துவிட்டார். சுவரைத் தடவிக்கொண்டே வந்து கைப்பையைக் கழற்றியவர், மெஷின் சத்தம் கேட்டு அப்படியே நின்றார்.

"ஓடுதா? நான் தொடாமலேயா?"

அக்கா கழற்றிய கைப்பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டார்.

"அப்ப சரி. இனிமே நான் எதுக்கு?"

வாசல் பக்கம் திரும்பினார்.

சட்டென்று மெஷின் நின்றது.

இன்ஜினியர் மூடிக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றார். "எங்க ஓடுது? காலையிலேர்ந்து உயிரை வாங்குது. என் படிப்புக்கெல்லாம் மசிய மாட்டேங்குது. நீங்களே வந்து தொடுங்கக்கா."

அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்து, கண்ணை மூடிக்கொண்டு மெஷின் மேல் கையை வைத்தார்.

இன்ஜினியர் சத்தமில்லாமல் டேப்பை உரித்தார்.