குழந்தை எத்தனை மாசம்?

"இவங்களையெல்லாம் யாரு பேராசிரியர் நாற்காலியில தூக்கி உட்கார வச்சது?"

அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. வேதியியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பறைக் குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

மூடிய லேப்டாப் முன்னால் மகள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். மண்ணில் வளரும் பூஞ்சைகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். அதற்கு மேல் ஆராய்ச்சியைத் தொடர போஸ்ட்டாக் வேலை கேட்டு அவள் விண்ணப்பிக்காத பல்கலைக்கழகம் இல்லை. ஒன்றே ஒன்று நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. வீடியோவில்.

"நல்லாத்தான்ப்பா போயிட்டிருந்தது. உள்ள பாப்பா அழுதா. பேட்டி எடுத்த அந்தம்மா உடனே, 'குழந்தையா? எத்தனை மாசம்?'னு கேட்டாங்க. அவ்வளவுதான், வேலை போச்சுன்னு புரிஞ்சுடுச்சு. கட் பண்ணிட்டேன்."

"பூஞ்சையைப் பத்திக் கேட்க வேண்டியதுதானே? பிள்ளை பெத்ததைப் பத்தி என்ன கேள்வி? அதுவும் ஒரு பொம்பளையா இருந்துக்கிட்டு!"

"மெதுவாப் பேசுங்களேன், இப்பத்தான் தூங்கினா" என்றாள் மனைவி, பேத்தியைத் தோளில் போட்டபடி.

"எதுக்கு மெதுவா? என் பொண்ணு என்ன கிள்ளுக்கீரையா? அந்தம்மா நம்பரைக் கொடும்மா!"

"வேணாம்ப்பா..."

"கொடுன்னா கொடு!"

எதிர்முனையில் 'ஹலோ' வந்ததுதான் தாமதம், தன் பெயர், துறை, பதவி எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

"வெட்கமா இல்ல உங்களுக்கு? பிள்ளை பெத்தா மூளை மழுங்கிப் போயிடுமா? நானும்தான் எத்தனையோ பேரை வேலைக்கு எடுத்திருக்கேன். திறமையைத் தவிர வேற எதையும் பார்த்ததில்ல. இதை நான் சும்மா விடப் போறதில்ல!"

மறுமுனையில் அந்தப் பேராசிரியை பணிவாகவே பேச ஆரம்பித்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தார்.

"சார், எங்க வளாகத்துல குழந்தைகள் காப்பகம் இருக்கு. கைக்குழந்தைக்கு அங்க இடம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. எத்தனை மாசம்னு தெரிஞ்சா இப்பவே சொல்லி வைக்கலாமேன்னுதான் கேட்டேன். வேலை உங்க பொண்ணுக்குத்தான்."

அவருடைய வகுப்பறைக் குரல் இறங்கியது.

"அ... அதை அவகிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்றதுக்குள்ள கட் பண்ணிட்டாங்க. அவங்க மேல தப்பே இல்ல. அந்தக் கேள்வியைக் கேட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான்தான் யோசிச்சுக் கேட்டிருக்கணும்."

அதன்பிறகு வந்த குரலில் அந்தப் பணிவு இல்லை.

"பல வருஷம் முன்னாடி இதே மாதிரி போஸ்ட்டாக் வேலைக்கு நானும் உங்க ரூம்ல வந்து நின்னேன் சார். 'குழந்தை எத்தனை மாசம்?'னு கேட்டீங்க. எட்டு மாசம்னு சொன்னேன். ஃபைலை மூடிட்டு, 'வீட்ல இருந்து குழந்தையை நல்லா பார்த்துக்கோம்மா'ன்னு சிரிச்சுக்கிட்டே அனுப்பி வச்சீங்க!"