எட்டாத தரை

திருவொற்றியூர் ஷோரூம் வாசலில் புது பைக்கின் சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழங்கள் வைத்திருக்கிறார்கள். கற்பூரச் சுடர் கடல்காற்றில் படபடக்கிறது. பூஜைக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஜெயவேல் சீட்டில் ஏறுகிறான். கால் தரையில் ஊன்றவில்லை. விரல் நுனிகள் மட்டும் சிமெண்டைத் தடவுகின்றன. தன் சம்பளத்துக்குள் அடங்கும் டூரிங் பைக்கைத் தேடி இரண்டு மாதம் அலைந்து, இதைத் தேர்ந்தெடுத்திருந்தான். ஓட்டிப் பார்த்த நாட்களிலெல்லாம் காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வேலை முடிந்து, தடித்த அடியுள்ள சேஃப்டி ஷூவோடு நேராக வந்திருந்தான். பழைய வண்டியை நேற்றே எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாகிவிட்டது. மனைவி வினிதா பின்னால் ஏற, வண்டி சாய்கிறது. விற்பனையாளர் செங்குட்டுவன் ஓடிவந்து ஹேண்டிலைப் பிடித்து நிமிர்த்துகிறார்.

"இன்னா மாமா, வண்டி ஆடுது?"

"நீ ஏறுனல்ல, அதான்."

"பழி என் மேலயா? எடு, ராவுகாலம் வருது."

வெளியே கன்டெய்னர் லாரிகள் இடைவெளியில்லாமல் ஊர்கின்றன. அடிக்கு அடி கால் ஊன்ற வேண்டிய நெரிசல். வினிதா செல்போனை உயர்த்துகிறாள். ஜெயவேல் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, செங்குட்டுவன் பக்கம் குனிகிறான்.

"புடிச்சுக்கோண்ணா. வுட்டுடாத."

"புடிச்சினுதான் கீறேன். வூடு வரைக்குமா நைனா?"