மெட்டி இடித்த நகம்

செண்பகம் வலது காலின் ஷூவைக் கழற்றி சாக்ஸை உருவியபோது, பெருவிரல் நகமும் கூடவே கழன்று தரையில் விழுந்தது. புளியங்கொட்டை மாதிரி கறுத்திருந்தது. தணிகாசலம் பதறிப்போய் மனைவியின் காலடியில் உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்காக ஆறு மாதமாக அவள் ஓடிப் பழகுகிறாள். அத்தனை நாளும் இறுக்கமான ஷூவுக்குள் பக்கத்து விரல் மெட்டி இந்த நகத்தை இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

“கழட்டி வெச்சுட்டு ஓடியிருக்கலாம்ல?”

“நீங்க போட்டுவிட்டது. நானே எப்படிங்க கழட்டுவேன்?”

கல்யாணத்தன்று அம்மி மேல் தூக்கிவைத்த கால். இருபத்திரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் மறுபடி அவன் கைக்கு வந்திருக்கிறது. நகம் போன இடத்தில் புண் இருக்கும் என்று பயந்துகொண்டே குனிந்தான். அங்கே அடிவிளிம்பில், வெங்காயச் சருகைவிட மெல்லிசாக, ஒரு புது நகம் முளைத்திருந்தது. இத்தனை இடிக்கும் நடுவில், அந்தப் புழுக்கத்துக்குள், யாரும் சொல்லாமல் இது எப்போது கிளம்பியது? மூச்சுப் பட்டால்கூட அதற்கு வலிக்கும் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சு விட்டான்.

பிறகு சோப்பு நுரை தடவி, திருகித் திருகி மெட்டியைக் கழற்றினான். விரலில் வெயிலே படாத ஒரு வெள்ளை வளையம் மிஞ்சியது.

“யாராவது கேட்டா என்னங்க சொல்றது?”

அவன் மெட்டியைத் தன் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டான்.

“அந்தக் காலையும் குடு.”