ப்ராக்கோலி வெட்டும் நாள்

"ஜெகதீஷ், மோசம் போயிட்டோம்! அப்பா இன்னிக்கு ப்ராக்கோலியை வெட்டப் போறாராம்!"

கீழ் வீட்டிலிருந்து இரண்டு மாடியையும் ஒரே ஓட்டமாக ஏறி வந்த கிருஷ்ணப்பிரியாவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கதவைத் திறந்த ஜெகதீஷின் வாயிலிருந்து டூத் பிரஷ் நழுவியது.

"ஐயையோ! செடி போச்சுன்னா தினமும் காலைல மொட்டை மாடிக்குப் போக என்ன சாக்கு இருக்கு பிரியா?"

"அதான் பயமே! அப்பாவுக்கு நாத்து வாங்கிக் கொடுத்ததே நீதானே. மூணு மாசம் பாடுபட்டு வளர்த்திருக்கோம். ஏதாவது பண்ணு!"

வளர்த்தது ப்ராக்கோலியை மட்டுமில்லை என்பது கள்ளிக்குப்பத்தின் அந்த அடுக்குமாடியில் இவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு பேரும் மாடிக்குப் பறந்தார்கள்.

அங்கே கிருஷ்ணப்பிரியாவின் அப்பா பக்தவத்சலம், தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர், இஸ்திரி போட்ட சட்டையோடு குந்தி உட்கார்ந்து பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். செடியின் நடுவே கை அகலத்துக்குப் பச்சைப் பூ. பக்கத்தில் பூவாளியோடு ஜெகதீஷின் அம்மா ராஜகுமாரி.

"கத்தி எங்கம்மா போச்சு? இங்கதான வச்சேன்?"

ஜெகதீஷ் அதற்குள் கத்தியை டவலில் சுருட்டியிருந்தான். "தெரியலையே அங்கிள். இன்னும் ரெண்டு நாள் விடுங்களேன், பெருசாகும்."

"இன்னா தம்பி நீ! நாளைக்கு வுட்டா மொட்டு விரிஞ்சு மஞ்சப் பூவாயிரும். அப்பால வாயில வைக்க முடியாது. வெட்டிட்டு, செடியையும் புடுங்கிட வேண்டியதுதான்."

டங்கென்று டவலிலிருந்து கத்தி விழுந்தது. ஜெகதீஷ் அசடு வழிந்தான். கிருஷ்ணப்பிரியா தலையில் அடித்துக்கொண்டு அவனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

ஒரே வெட்டு. பூ கைக்கு வந்தது. பக்தவத்சலம் செடியைப் பிடுங்க அடித்தண்டைப் பிடித்தார்.

"ஐயோ, பிடுங்காதீங்க சார்!" கத்தியது ராஜகுமாரி. "நடுப்பூவை எடுத்துட்டா பக்கத்துல சின்னச் சின்னப் பூவா வரும். இன்னும் ஒரு மாசம் தினமும் வந்து பார்க்கணும்."

"அப்பால?"

ராஜகுமாரி தரையைப் பார்த்தார். "செடி இல்லேன்னாலும் வருவேன்."

பக்தவத்சலம் பூவை இரண்டு கையாலும் நீட்டினார். "அதுக்கு எதுக்குங்க மாடி? நம்ம ஊட்டுக்கே வந்துடுங்களேன், ராஜகுமாரி."

ராஜகுமாரி பூவை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"எங்கப்பா போனப்புறம் அம்மா இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல" என்றான் ஜெகதீஷ், கண்ணைத் துடைத்தபடி.

கிருஷ்ணப்பிரியா அவன் கையில் ஓங்கித் தட்டினாள். "அடுத்த மாசம் நான் கல்யாணமாகிக் கோயமுத்தூர் போயிட்டா அப்பா தனியா கிடப்பாரேன்னு நான் அழாத நாளில்ல. ரொம்ப தேங்க்ஸ்... அண்ணா!"