முதல் பட்டியல்

"அந்தம்மா வந்ததும் நீ வாயே திறக்கக் கூடாது, புரியுதா? எது கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். நீ சிரிச்ச முகமா நின்னா போதும்" என்றார் மேனேஜர்.

"வாயைத் திறக்காம எப்படி மாமா சிரிக்கறது?" என்றான் மெக்கானிக்.

"கடையில மாமான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? சார்னு சொல்லு."

மெக்கானிக், மேனேஜரின் மனைவிக்குத் தம்பி. ரிப்பேர் வேலையில் கெட்டிக்காரன். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவான் என்பது ஒன்றுதான் குறை.

கடைக்கு இது கடைசி வாய்ப்பு. கம்பெனி எந்தப் புது மின்சாரச் சாமானை வெளியிட்டாலும் முதல் பட்டியலில் பணக்கார நாடுகள் இருக்கும். இரண்டாவதில் அவற்றின் அக்கம்பக்கம். இந்த நாடு மூன்றாம் பட்டியலில், அதுவும் வால் பக்கத்தில். சாமான் இங்கே வந்து சேர்வதற்குள், வேண்டியவர்களுக்கெல்லாம் வெளிநாட்டு மச்சினன் சூட்கேசில் கொண்டுவந்து கொடுத்திருப்பான். கடைக்கு வருகிறவர்கள் ஹீட்டர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று குளிர் காய்ந்துவிட்டுப் போவார்கள். விற்பனை இல்லாத கடையை மாதக் கடைசியில் மூடிவிடப் போவதாகத் தலைமை அலுவலகம் கடிதம் போட்டுவிட்டது. மெக்கானிக்கையும் சேர்த்து ஒன்பது பேருக்கு வேலை போகும். பத்தாவது ஆள் மேனேஜர்.

அவர் எட்டுப் பக்கத்துக்குப் பதில் எழுதினார். எங்கள் மக்களுக்கு ரசனை இல்லையா, ஆசை இல்லையா, ஒரே ஒரு தடவை எங்களை முதல் பட்டியலில் போட்டுப் பாருங்கள் என்று. அதைப் படித்துவிட்டுத்தான் நேரில் பார்த்து வர ஓர் அம்மையாரை அனுப்பியிருந்தார்கள்.

அம்மையார் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒரு அட்டைப் பெட்டியை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே மாதுளம்பழம் அளவில் ஆறு வெள்ளை உருண்டைகள்.

"புதுச் சரக்கு. போர்வைக்குள்ள போட்டுட்டா விடியற வரைக்கும் இதமா சூடு கொடுக்கும். இன்னும் எந்த நாட்டுக்கும் போகலை" என்றவர், நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "சில கேள்விங்க கேக்கணும். உங்க ஜனங்க, சாமானோட வர்ற விளக்கத் தாளைப் படிப்பாங்களா?"

"தாளா? எங்க ஜனங்க புத்திசாலிங்க மேடம். பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே பிளக்கைச் சொருகிடுவாங்க."

அம்மையார் எழுதிக்கொண்டார்.

"போன வருஷம் எத்தனை புகார் வந்தது?"

"ஒண்ணுகூட இல்லை!"

மெக்கானிக் இருமினான். அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொல்லுங்க தம்பி."

மேனேஜர் அவனைப் பார்த்துக் கண்ணை உருட்டினார்.

"புகார் இல்லைதான் மேடம். அந்த டீ கெட்டில் பன்னிரண்டு வெடிச்சுது. அவ்வளவுதான்."

மேனேஜர் அவன் காலை ஓங்கி மிதித்தார்.

"வெடிச்சதும் காசைத் திருப்பிக் கேட்டாங்களா?"

"எங்கே மேடம் கேட்டாங்க? என்கிட்ட கொண்டுவந்தாங்க. மூடியைக் கம்பி போட்டு இறுக்கிக் கொடுத்தேன். இப்ப ஸ்விட்சைப் போட்டுட்டு அடுத்த ரூமுக்குப் போயிடறாங்க."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். எட்டுப் பக்கமும் பாழ்.

"பேப்பர்ல யாராவது எழுதினாங்களா?"

"எழுதினாங்களே. கெட்டில் வெச்சிருக்கறவங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கக் கூடாதான்னு."

அம்மையார் முகம் மலர்ந்தது. எழுதியதற்கு அடியில் இரண்டு கோடு போட்டார். மேனேஜர் ஒரு கண்ணை மட்டும் திறந்து அதைப் பார்த்தார். அப்புறம்தான் மற்றக் கண்ணையும் திறந்தார்.

"அது எங்க ஜனங்க உங்க கம்பெனிமேல வெச்சிருக்கற நம்பிக்கை மேடம்!" என்று குறுக்கே பாய்ந்தார்.

"தெரியுது சார். இப்படிப்பட்ட வாடிக்கையாளர் எங்க நாட்ல எல்லாம் கிடைக்கவே மாட்டாங்க."

அம்மையார் எழுந்து ஜன்னல் ஓரமாகப் போய்ப் போனில் இரண்டு நிமிடம் பேசினார். திரும்பி வந்து மேனேஜரிடம் கை நீட்டினார்.

"வாழ்த்துகள். உங்களை முதல் பட்டியல்ல போட்டாச்சு. கடையை மூட மாட்டோம். வேணும்னா ஆளைக்கூடக் கூட்டிக்குங்க."

"முதல் பட்டியல்ல எங்களோட வேற யாரு மேடம்?"

"நீங்க மட்டும்தான்."

"அப்ப அந்தப் பணக்கார நாடுங்க?"

"அவங்களுக்கு அடுத்த வருஷம். இங்கே எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு."

மேனேஜருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "கேட்டியாடா மச்சான்! இனிமே அவங்க மச்சினனுங்க இங்கேர்ந்து சூட்கேசைத் தூக்கிட்டுப் போகணும்!" கடையில் மாமாவும் மச்சானும் கிடையாது என்பது அவருக்கே மறந்துவிட்டது. உடனே மனைவிக்குப் போன் போட்டார். "ஏம்மா, வேலை எங்கேயும் போகலை. நம்ம பாப்பாகிட்ட சொல்லு, இன்னிக்கே அவ போர்வைக்குள்ள ஒரு உருண்டை போட்டுடறேன். உலகத்துலயே முதல் ஆளு அவதான்!"

மெக்கானிக் உட்பட எல்லாரும் கை தட்டினார்கள். மேனேஜர் பெட்டியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து, கண்ணாடித் தாளில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"மேடம், இது எங்க கடையோட அன்பளிப்பு. நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்."

அம்மையார் சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"ஐயோ, வேண்டாம் சார். வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க."