கம்பெனி கேசட்

மூன்றாவது முறையாகக் கதாநாயகி கணவனின் முகத்துக்கு நேரே கதவை அறைந்து சாத்தினாள். இந்த முறை சத்தம் கூரையிலிருந்து வந்தது.

"கேட்டீங்ளா? தாப்பாள் உழுகறது தலைக்கு மேலயே கேக்குதுங்ளா?" என்றார் கிட்டுசாமி, தாழ்ப்பாளைத் தானே அடித்துக் கொடுத்தவர் போல.

ஐம்பது வருடப் பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒரே காட்சியை மூன்று விதமாகப் போட்டுக் காட்டினார்: முதலில் தியேட்டரில் வந்த ஒற்றை ஒலி, அடுத்து ஸ்டீரியோ, இப்போது புதிதாக வந்திருக்கும் பதினோரு ஸ்பீக்கர் ஒலி. தங்கள் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்த ஆறுமுகசாமியையும் மூக்கம்மாளையும் பிடித்து உட்கார வைத்துவிட்டார். இருவரும் அவருடைய பனியன் கம்பெனியில் இருபத்தைந்து வருடமாக ஓவர்லாக் டெய்லர்கள். முதலாளி வீட்டில் பத்திரிகையை நீட்டிவிட்டு உடனே எழுந்துவிட முடியுமா?

"சொல்லுங்க மூக்கம்மா, மூணுல எதுங்க?"

"கம்பெனியில ஓடுமே மொதலாளி, அந்தக் கேசட்டுதான்."

அனுப்பிய சரக்கு அப்படியே திரும்பி வந்ததுபோல் ஆனது கிட்டுசாமியின் முகம்.

ஏசி அறையில் ஆறுமுகசாமிக்கு வியர்த்தது.

தைத்துக்கொண்டே கேட்பதற்காகக் கம்பெனியில் போட்ட, இதே படத்தின் கதை வசன கேசட் அது. அதில் அவள் கதவைச் சாத்தவே மாட்டாள். வாசலில் கணவன் அழுவான். "உள்ளே வாங்க, நனையாதீங்க" என்பாள் அவள்.

படத்தில் அது அரைமணி நேரம் முன்னால், தபால்காரரிடம் சொல்வது.

டேப் சிக்கிவிட்டது, ஒட்டி எடுத்து வந்தேன் என்று ஆறுமுகசாமி கொண்டுவந்து கொடுத்த கேசட். கருவி: நூல் வெட்டும் கத்தரி, கொஞ்சம் செலோ டேப். படிப்பு: எட்டாம் வகுப்பு. பெயர் போன எடிட்டர்கள் அவர் காலைத் தொட வேண்டும். ஒரே குறை, கேசட்டின் மறுபக்கத்தில் நகைச்சுவை நடிகர் அடி விழும் முன்பே அலறிவிடுவார்.

அப்போது ஆறுமுகசாமி ஒரு வருடம் வேறொருத்தியோடு இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். மூக்கம்மாள் கதவைத் திறக்கவில்லை. கம்பெனியில் துணி மூட்டை மேல் படுத்துக்கொண்டார்.

கேசட் தினமும் இரண்டு முறை ஓடியது. அந்த இடம் வந்தால் செக்‌ஷனே மூக்கை உறிஞ்சும்.

பதினெட்டாம் நாள் மூக்கம்மாள் கதவைத் திறந்தாள். மகள் பிறந்தது அதற்குப் பிறகுதான்.

இருபத்து மூன்று வருடமாக, டிவியில் இந்தப் படம் வந்தபோதெல்லாம் சேனலை மாற்றியே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றி வந்தவர், இன்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூக்கம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் ஓடுவதைக் கேட்கத்தான் அந்தப் பதினொன்றில் ஒரு ஸ்பீக்கரும் உதவவில்லை.

படியிறங்கும்போது ஆறுமுகசாமி தொண்டையைச் செருமினார்.

"ஏ மூக்கம்மா... அந்த டேப்பு அன்னைக்கு..."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே கோவில்பட்டி டாக்கீஸ்ல இந்தப் படத்த ரெண்டு தடவ பாத்தவ நான். பேசாம வாங்க, இன்னும் நாலு வீட்டுக்குப் பத்திரிகை வைக்கணும்."