வயிற்றுக்கட்டு

அப்பெண்டிக்ஸ் ஆப்பரேஷன் முடிந்து அம்சவள்ளி இன்றுதான் தோட்டத்துத் திடலுக்கு மறுபடி ஓட வந்திருக்கிறாள். சப்பாத்து நாடா கட்டக் குனிகிறபோது, அம்மா அவள் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்ட பழஞ்சேலைத் துணியின் நுனி சட்டைக்குக் கீழே தொங்குகிறது. செம்பனை மரங்களுக்குள் சாயும் வெயில் அதன் மேலேயே விழுகிறது. திடலை ஒட்டிய லயத்து வீடுகளின் குழாயடியில் லீலாவதியின் வாளி நிரம்பி வழிகிறது. அவள் கண் அந்தத் துணியைவிட்டு நகரவில்லை. "இது புள்ள பெத்தவளுக்குக் கட்டுற கட்டுலா," என்கிறாள் பக்கத்து வீட்டுக் கங்காவிடம். அது திடல்வரை கேட்கிறது. அம்சவள்ளி துணியை உருவிக்கொண்டு வந்து இருவர் கையிலும் ஆளுக்கொரு முனையைத் திணிக்கிறாள். "இழுத்துப் புடிங்கக்கா. இதான் பினிஷிங் லைன். நல்லா பாருங்க." துணியில் உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை. திடலின் மறுகோடிக்குப் போய், அங்கிருந்து அவள் நேராக அவர்களை நோக்கி ஓடி வருகிறாள்; லீலாவதியின் கண் இப்போதும் அவள் வயிற்றில்தான் இருக்கிறது.